பரிசு பெற்ற வாசகர் கருத்து

என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. கடைவீதியில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் பத்தொன்பது வருடமாக வாடகை நூல்நிலையம் நடத்தி வருகிறேன். புத்தகக்காரம்மா என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் கை காட்டுவார்கள். கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் கடந்த சனிக்கிழமை நடந்தது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இதில் என் மேல் தப்பு இருக்கிறது, அதையும் விடாமல் எழுதிக்கொள்ளும்படி காவல் அதிகாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

என் நூல்நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருப்பேன். படித்தவர்கள் அதில் இரண்டு வரியாவது கருத்து எழுதி, பக்கத்தில் அட்டை எண்ணைப் போட வேண்டும். எழுதாமல் திருப்பினால் அடுத்த புத்தகம் கிடையாது. இதில் நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. நல்லதாக எழுதிய கருத்துகளைப் பெயர் போடாமல், என் கையெழுத்திலேயே அட்டையில் எழுதி, 'இந்த வாரச் சிரிப்பு' என்ற தலைப்பில் வாசல் பலகையில் குத்தி வைப்பேன். பெயர் வெளியே வராது என்பதால்தான் எல்லோரும் மனம் விட்டு எழுதினார்கள். அந்த விதியை ஏற்படுத்தியது நான், மீறியதும் நான்தான்.

கண்ணாடிக்கடைக்காரரை எனக்கு ஏழெட்டு வருடமாகத் தெரியும். அதிர்ந்து பேசாத மனிதர். நான் இப்போது போட்டிருக்கும் கண்ணாடி அவர் கடையில் செய்ததுதான், இதைப் போட்டுக்கொண்டுதான் எல்லாவற்றையும் படித்தேன். அவர் மனைவி முன்பெல்லாம் தானே வந்து புத்தகம் எடுத்துப் போவார். பிறகு கணவர் மட்டும் வர ஆரம்பித்தார். கேட்டதற்கு, "அவளுக்குத் தலைசுத்தல்மா, படியேற முடியல, புத்தகம் இல்லாட்டி என் உயிரை வாங்குறா" என்று சொன்னார். எவ்வளவு நல்ல புருஷன் என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு, போன மாதம் ஒரு நாவல் வந்தது. பெயர் 'கொஞ்சம் மெதுவாகக் கொல்லு, கண்ணா'. காதல், மர்மம், நகைச்சுவை மூன்றும் கலந்த கதை. கதையைக் கேஸில் சேர்க்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். கதை தெரியாவிட்டால் நடந்தது புரியாது என்பதால் சொல்கிறேன். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், புருஷன் தன்னைக் கொல்லப் போகிறான் என்று சந்தேகப்படுகிறாள். போனைப் பிடுங்கிக்கொள்கிறான், வெளியே பூட்டிக்கொண்டு போகிறான், பாலில் ஏதோ பொடி கலக்கிறான், தோட்டத்தில் குழி தோண்டுகிறான். கடைசியில் பார்த்தால் எல்லாம் அவள் பிறந்தநாளுக்கான ஏற்பாடு. பொடி சத்துமாவு, குழி தாமரைக் குளத்துக்கு.

இந்த நாவலுக்கு வந்த மாதிரி எதிரும் புதிருமான கருத்துகள் வேறு எந்தப் புத்தகத்துக்கும் வந்ததில்லை. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அண்ணன் இரண்டு தடவை படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது என்றும், ஆனால் போலீஸ்காரர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவது அரதப்பழசு என்றும் எழுதியிருந்தார். இதைச் சொன்னபோது அதிகாரி சிரிக்கவில்லை. கீழ் வீதித் தையல்காரப் பெண், "புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும், எனக்கு வாய்த்தது தூங்குமூஞ்சி" என்று எழுதியிருந்தாள். மருந்துக்கடைக்காரர், பாலில் கலந்த பொடிக்குக் கதையில் சொன்ன விளக்கம் போதாது என்று அரைப்பக்கம் எழுதிக் கதையையே கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்.

கடந்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் மாதக் கூட்டம் நடந்தது. ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கருத்துகளை நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன், யார் எழுதியது என்று மற்றவர்கள் யூகிப்பார்கள், நான் ஆமென்றும் சொல்ல மாட்டேன், இல்லையென்றும் சொல்ல மாட்டேன். கடைசியாகப் படிக்க வேண்டும் என்று ஒரு கருத்தை எடுத்து வைத்திருந்தேன். அதில் எழுதியிருந்தது இது:

"சிரிப்பு வரும் இடங்கள் நிறைய. 41ஆம் பக்கத்தில் கணவன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான், கடைசியில் புதுப் போன் வாங்கித் தருகிறான். எட்டு மாதம் ஆகியும் புதுப் போன் வராத வீட்டைப் பற்றி ஆசிரியர் எழுதவில்லை. 67ஆம் பக்கத்தில் வெளியே பூட்டிக்கொண்டு போனவன் பூவோடு திரும்புகிறான். பூட்டிக்கொண்டு போகிறவர்கள் பூ வாங்குவதில்லை. கடைசி அத்தியாயத்தில் அவள் ஜன்னலைத் தட்டியதும் தெருவே ஓடி வருகிறது. இந்தக் கதையிலேயே பெரிய நகைச்சுவை அதுதான்."

நான் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டிரைவர் அண்ணன்தான் எழுதியிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் சத்தியமாக நான் இல்லை என்றார். அந்த நேரத்தில் கண்ணாடிக்கடைக்காரர் புத்தகம் மாற்றுவதற்காகப் படியேறி வந்து வாசலில் நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இதோ நிக்கிறாரே, இவர் வீட்டம்மா எழுதினதுதான்! இந்த மாசப் பரிசு அவங்களுக்குத்தான்!" என்று என் வாயால் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். என்ன எழுதினாள் என்று அவர் கேட்டார். நான் மறுபடியும் முதலிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அவரும் சிரித்தார். "அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றார். அதன் பிறகு, மனைவியிடம் காட்ட வேண்டும் என்று அந்தப் புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். பரிசாக வைத்திருந்த சிவப்புப் பென்சிலையும் கொடுத்து, இன்னும் நிறைய எழுதச் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றேன். எடுக்க வந்த வேறு புத்தகத்தை எடுக்காமலே அவர் இறங்கிப் போனார். அப்போது மணி ஐந்து நாற்பது.

அவர் போன பிறகு டிரைவர் அண்ணன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, அந்தக் கதை மொத்தமே பதினோரு நாள்ல முடியுது. எட்டு மாசம்ங்கிறது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். தையல்காரப் பெண், "அண்ணே, அது கிண்டல்ணே, கிண்டலுக்குக் கணக்குப் பார்ப்பாங்களா?" என்றாள். எனக்கும் கோபம் வந்தது. "எதுலயும் ஒரு நொட்டை சொல்லாட்டி உங்களுக்குத் தூக்கம் வராதாண்ணே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் கதையைப் பத்திப் பேசலம்மா. அந்தப் பொண்ணு கடைசியா எப்ப இங்க வந்துச்சுன்னு பாரு" என்றார். அவர் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் பதிவேட்டை எடுத்தேன். எல்லோரும் புத்தகம் எடுக்கும்போது அதில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பெண் கடைசியாகக் கையெழுத்துப் போட்டு எட்டு மாதமும் நாலு நாளும் ஆகியிருந்தது. பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அதன் பிறகு நானும் டிரைவர் அண்ணனும் நாலு தெரு தள்ளி இருக்கும் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. டிவி சத்தம் கேட்டது. மணி அடித்தோம், டிவி சத்தம் இன்னும் கூடியது. நான் பக்கவாட்டு ஜன்னலைத் தட்டினேன். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து யாரோ தரை ஓரமாக மெல்லத் தட்டினார்கள். மறுபடி தட்டினேன், மறுபடி பதில் வந்தது. உடனே காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன், அப்போது மணி ஆறு ஐந்து. டிரைவர் அண்ணன் பஸ்ஸை மறிப்பவர்களை விலகச் சொல்லிக் கத்துகிற குரலில் தெருவைக் கூப்பிட்டார். எதிர்வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். வேறு யாரும் வரவில்லை.

காவலர்கள் வந்து தட்டியதும் கண்ணாடிக்கடைக்காரர் கதவைத் திறந்தார். சட்டை கசங்கவில்லை. என்னைப் பார்த்து, "என்னம்மா, புத்தகத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார். அந்தக் குரல் கடையில் கேட்கிற அதே குரல்தான். அவர் மனைவி ஜன்னல் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தார். மேசை மேல் நாவல் இருந்தது, பின்னட்டைத் தாள் கிழிந்து துண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் நான் கொடுத்த பென்சில் சீவாமல் அப்படியே இருந்தது. துண்டுகளையும் பென்சிலையும் காவலர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவர் மனைவியைப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் அழுதேன், அவர் அழவில்லை. "ஏம்மா, காப்பாத்துங்கன்னு ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "அவர் புத்தகத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி தாளைத் திருப்பி மேலோட்டமாப் பார்ப்பாருக்கா. மத்தவங்க எழுதின மாதிரியே இருந்தா விட்டுடுவாரு. நீங்க எழுதியே ஆகணும்னு சொன்னதாலதான் பேனாவையே கொடுத்தாரு" என்றார். அதன் பிறகு, "இது ஆறாவதுக்கா" என்றார்.

அங்கிருந்து நேராக நூல்நிலையத்துக்குப் போய், அவர் அட்டை எண்ணுக்கு எட்டு மாதமாகப் போன புத்தகங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். மற்ற ஐந்தும் கிடைத்தன. ஐந்தும் என் பலகையில் ஏற்கெனவே இருந்தன, நானே தேர்ந்தெடுத்து நானே எழுதிக் குத்தியவை. சமையல் புத்தகத்தில், "உப்பு எவ்வளவு குறைந்தால் தட்டு பறக்கும் என்ற குறிப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை" என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் நான் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தேன். அந்தக் கருத்துக்குக் கீழே நின்று வாரா வாரம் அவர் புருஷன் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார். பலகையை அப்படியே கழற்றி, ஐந்து புத்தகங்களோடு இன்று இங்கே ஒப்படைத்திருக்கிறேன்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒப்படைத்த பொருட்களின் பட்டியலில் 'நகைச்சுவைக் கருத்துகள் ஐந்து' என்று இருந்தது. 'நகைச்சுவைக் கருத்துகள்' என்பதை அடித்துவிட்டு 'புகார்கள்' என்று எழுதச் சொன்னேன். அடித்து எழுதிய இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். மற்றபடி இதில் உள்ளது எல்லாம் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்)
நூல்நிலையம் நடத்துபவர்