பொம்மைக்கு வரிக்கழிவு

கோட்டுக்குத் தோள் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். அதற்கு ஆள் ஒருத்தன் அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஐயா விஷயம். நீங்கள்தான் இதைப் பெரிது பண்ணுகிறீர்கள்.

பகலில் கம்பெனியில் துணி வெட்டுகிறேன். சாயங்காலம் வீட்டில் கோட்டு தைக்கிறேன். இப்படிப் பக்கத் தொழில் செய்கிறவன் அதற்கு வாங்கின சாமானை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னார். படித்தவன் சும்மா ஒன்றைக் கொடுப்பானா என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் சொல்லிவைத்தேன்: மெஷின், கத்திரி, அயர்ன் பெட்டி, கோட்டை மாட்டிப் பார்க்கிற பொம்மை.

பொம்மை என்று எதுவும் கிடையாது. என் மனைவியின் தம்பிதான் நிற்பான். வேலைவெட்டி இல்லாமல் எங்கள் வீட்டோடு கிடக்கிறவன். ஆனால் நல்ல தோள்.

"தொழிலுக்கு மட்டும்தான் உபயோகிக்கணும். வீட்டு உபயோகம் கலந்தா கழிக்க முடியாது" என்றார் ஆடிட்டர்.

நான் பொய் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கே மச்சானைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்தினேன். டிவி பார்க்க விடவில்லை. படுத்தால் அது சொந்த உபயோகம், அதனால் சுவரோரமாக நின்றபடியே தூங்கச் சொன்னேன். சோற்றைப் பராமரிப்புச் செலவில் சேர்த்தேன்.

"ஏங்க, தம்பி காலு வீங்கிக் கிடக்குங்க" என்றாள் மனைவி.

"பொம்மைக்குக் காலு வீங்காதுடி."

போன வாரம் உங்கள் வருமான வரி ஆபீஸ் அதிகாரி ஒருவர் பொம்மையைப் பார்க்க வந்தார். மச்சான் தலையில் துணிப்பையை மாட்டி, கோட்டைப் போட்டு நிறுத்தினேன். அசைந்தால் அன்றோடு அக்கா வீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவனுக்குப் போக வேறு இடமில்லை.

அதிகாரி கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "என்னங்க, மூச்சு விடுது?"

"புதுப் பஞ்சு சார். அமுங்க நாளாகும்."

அவர் நம்பவில்லை. நம்பாத ஆளை எனக்குப் பிடிக்கும், நானும் அந்த ஜாதிதான். அவர் சந்தேகம் தீரட்டும் என்று மச்சானின் தோளில் ஒரு குண்டூசியைக் குத்தினேன். அசையவில்லை. இன்னொன்று குத்தினேன். அசையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. கோணி தைக்கிற ஊசியை எடுத்துக்கொண்டு அவன் பின்பக்கம் போனேன்.

பைக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது: "அத்தான், அங்க வேணாம் அத்தான்."

ஆமாம், குத்தியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். நிற்க வைத்ததும், தூங்க விடாததும், கழிவு கேட்டதும் நானேதான். ஆனால் ஏமாற்றியது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் கடைசிவரை அவனைப் பொம்மையாகத்தான் வைத்திருந்தேன். அதிகாரி முன்னால் மனுஷனாக மாறியது அவன்.