துடைத்த புள்ளிகள்

கடற்பாசி வைத்த சோற்றுருண்டை எனக்குப் பிடிக்கும். எங்கள் மருத்துவமனை கேன்டீனில் அதைப் பிடித்துத் தந்தவர் தொமோயே-சான். எனக்கென்று ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பார். அவர் இறந்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

கழுத்து வீக்கத்திலிருந்து ஊசியால் உறிஞ்சிய செல்களை நான்தான் முதலில் நுண்ணோக்கியில் பார்ப்பேன். சந்தேகமான இடத்தில் ஸ்லைடின் மேல் மைப்புள்ளி வைப்பேன். டாக்டர் முராசே வாரத்தில் இரண்டு நாள் வருவார். புள்ளி இருந்தால் பார்ப்பார். இல்லாவிட்டால் என் முத்திரைக்குப் பக்கத்தில் தன் முத்திரையைக் குத்திவிடுவார்.

சென்ற ஆண்டு ஓர் ஆசிரியையின் ஸ்லைடில் புள்ளி வைத்தேன். தைராய்டு லிம்போமா, புற்றுநோய் என்று நினைத்தேன். கழுத்தைத் திறந்து பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, வெறும் ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி. காலைக் கூட்டத்தில் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "குனியோஷி-சான், உங்க பயத்துக்கு ஒரு டீச்சர் கழுத்துல தழும்போட திரியுறாங்க. இனிமே புள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிங்க."

அதற்குப்பின் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மைப்பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

மார்ச்சில் தொமோயே-சானுக்கும் கழுத்து வீங்கி, அவருடைய ஸ்லைடு வந்தது. அழற்சியென்றால் செல்கள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். இதில் எல்லாம் லிம்போமாவில் போல ஒரே அச்சில், பெரிதாக இருந்தன. நான்கு புள்ளிகள் வைத்தேன். டீ குடித்தேன். ஆல்கஹால் பஞ்சால் நான்கையும் துடைத்தேன்.

மே மாதம் வீக்கம் இரண்டு மடங்காகி மறுபடி ஊசியால் செல் எடுத்தார்கள். இப்போது புள்ளி வைத்தால் பழைய ஸ்லைடை எடுத்துப் பார்ப்பார்கள். வைக்கவில்லை.

ஜூனில் கேன்டீனில் தொமோயே-சான் என்னிடம் வந்தார். குரல் கம்மியிருந்தது.

"நீங்கதானே பாத்தீங்க? படுத்தா மூச்சு முட்டுது. பயமா இருக்கு."

"அழற்சிதான். போகப் போக வத்திடும்."

"நீங்க சொன்னா சரி. இன்னொரு உருண்டை வைக்கவா?"

வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது மாதிரியை முழுதாகத் தானே பார்ப்பதாக டாக்டர் சொன்னார். வேறொருவருக்கு எடுத்த இரண்டு அழற்சி ஸ்லைடுகளில் ஒன்றில் தொமோயே-சானின் எண்ணை ஒட்டினேன். அதையே டாக்டரிடம் கொடுத்தேன். டாக்டர் பார்த்து முடித்து என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, இப்போ பயம் போயிடுச்சு."

ஜூலையில் வீட்டில் தொமோயே-சானுக்கு மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் வருமுன் போய்விட்டார். மருந்துக்குக் கரையக்கூடிய கட்டி அது. மார்ச்சிலேயே எனக்குத் தெரியும்.

முதல் ஸ்லைடைக் கொண்டுவந்திருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நான்கு புள்ளிகளின் தடம் தெரியும்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிவரை அவர் கழுத்தில் ஒரு தழும்புகூட விழ நான் விடவில்லை.