வீட்டிலேயே மெழுகியது

உடுப்பு மினுக்கும் அயனால், பனியில் சறுக்கும் ஸ்கீக் கட்டைக்கு மெழுகு உருக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் பிராண்டேயில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். உடுப்பு அயனில் ஆவி வருகிற ஓட்டைகள் இருக்கும். மெழுகு அதற்குள் போய்ப் பதுங்கியிருந்து, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கும். ஸ்கீ அயனுக்கு ஓட்டையில்லாத தடித்த தகடு. சூட்டைத் திருகி வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். புகை வந்தால் சூடு கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

அடுத்தது, கட்டை அசையாமல் பிடிக்க இரண்டு இடுக்கிகள். ஆறியபின் மிச்ச மெழுகை வழிக்கக் கூரான பிளாஸ்டிக் தகடு. இரும்பு வேண்டாம், அடியைக் கீறிவிடும். கடைசியில் நைலோன் தூரிகை, முனையிலிருந்து வாலை நோக்கி மட்டும். நான் இருபது வருடம் காற்றாலை இறக்கைகளைத் தேய்த்து மினுக்கிய ஆள். ஒருமுறை நான் மெழுகி மேசையில் வைத்த சோடி தானாகவே இறங்கிக் கராஜ் கதவுவரை போய் நின்றது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

எங்கள் சபை ஒவ்வொரு வருடமும் ஏழாம் கிழமையில் நோர்வேயில் ஒரு மரவீடு எடுத்துக் காம்ப் போட்டுத் தங்கும். பள்ளிக்கூடங்களின் குளிர்கால விடுமுறையை இங்கே அப்படித்தான் சொல்வோம். காலையில் ஜெபம், பகலில் சறுக்கு. இருபத்திரண்டு சோடி ஸ்கீகளுக்கும் என் கராஜில் நான்தான் மெழுகுவேன். அதில் நேசராஜாவின் சோடி தனி.

"அந்தோனியண்ணை, எனக்குச் சறுக்காத மாதிரிப் பூசிவிடுங்கோ."

"சறுக்காமல் விடுறதுக்கு ஏன் ஐசே ஸ்கீ? சப்பாத்தோடை நடவும்."

"பிள்ளையள் சிரிக்குங்கள் அண்ணை. காலிலை கட்டை இருந்தாக் காணும்."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சமவெளியில் ஓடும் ஸ்கீக்கு முன்னும் பின்னும் வழுக்குகிற மெழுகு பூசவேண்டும். நடுவில், பாதத்துக்குக் கீழே மட்டும், பனியைப் பிடிக்கிற மெழுகு. நேசராஜாவுக்கு நான் முனையிலிருந்து வால்வரை பசைபோல் ஒட்டுகிற பிடிமெழுகையே அப்பிவிடுவேன். ஏழு வருடமாக அந்த மனுசன் நோர்வே மலைகளில் சறுக்கவேயில்லை, நடந்து திரிந்தார். அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

இனித் தொலைபேசி விஷயம். 2008 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை எனக்கு இலக்கம் மாறி ஓர் அழைப்பு வந்தது. யாரோ இந்தியாவிலிருந்து, அரிசி வியாபாரம். அந்த நேரம் நேசராஜாவின் மனைவி மிரியம் கறி கொண்டுவந்து குசினியில் நின்றாள். அவளுடைய தம்பி கிருபன் வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். அங்கே லைன் இல்லாமல் போய்ப் பல நாள்.

"ஆர் அண்ணை எடுத்தது?"

அந்த முகத்தைப் பார்த்து அரிசி வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வன்னியிலையிருந்து. என்னோடை படிச்ச ஒராளிட்டைச் சற்றலைற் போன் இருக்கு. கிருபனைக் கண்டதாம். சுகமாயிருக்கிறானாம்."

அவள் அந்த இடத்திலேயே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை மூன்று குடும்பம் வந்தது. கார்த்திகையில் பன்னிரண்டு. அடுத்த நகரமான வைலேயிலிருந்தும் காரில் வந்தார்கள். கதிரை காணாமல் சபையிலிருந்து இரவல் எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆளைப்பற்றி ஒரு நல்ல செய்தி வைத்திருப்பேன். சனிக்கிழமை வருகிறவர்களில் விக்ரோரியா ஒருத்தி; வன்னியிலிருந்த அவளுடைய தாய் மகளின் இருமலைப்பற்றி விசாரித்ததாகச் சொன்னேன். அதற்கு மூன்று கிழமை முன்பே அவர் இறந்துவிட்டாராம், பிறகுதான் தெரியவந்தது. ஆனாலும் விசாரித்ததில் குறையொன்றும் இல்லை. விக்ரோரியா அந்த வாரமே வைத்தியரிடம் போனாள்.

மாசியில், நோர்வேக் காம்புக்கு ஐந்து நாள் இருக்கையில், நேசராஜா கராஜுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணை, கிருபன் தை மாசமே செல் குண்டு விழுந்து செத்துப்போனான். வவுனியாவுக்கு வந்துசேந்த ஒராள் எடுத்துச் சொன்னவர். நீங்கள் போன சனிக்கிழமையும் அவன் கதைச்சவன் எண்டு மிரியத்துக்குச் சொல்லியிருக்கிறியள்."

"லைன் கொஞ்சம் இரைச்சல்தான்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் இரண்டு கதை கதைத்திருப்பேன், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. காம்ப் முடிஞ்சு வாற ஞாயிறு சபையிலை நீங்களே எழும்பிச் சொல்லுங்கோ. நானும் பக்கத்திலை நிக்கிறன். எல்லாரும் மன்னிப்பினம். நீங்கள் சொல்லாட்டி நான்தான் சொல்லவேணும்."

கதவடியில் திரும்பிப் பார்த்தார். "என்ரை ஸ்கீ வழமைபோலை, என்ன?"

"ஓம், செய்துவிடுறன்."

மன்னிப்பார்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மன்னித்த பிறகு சனிக்கிழமைகளில் ஒருவரும் வரமாட்டார்கள்.

அவருடைய சோடியின் அடியிலிருந்த பழைய பசையை முதலில் மெழுகு கரைக்கும் திரவம் போட்டுத் துடைத்தேன். அந்தக் கிழமை நோர்வேயில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை என்று வானிலை சொன்னது, அந்தக் குளிருக்கு நீல மெழுகுதான். முன்னும் பின்னும் நீல வழுக்குமெழுகு மூன்று தரம் உருக்கி, மூன்று தரம் வழித்து, மூன்று தரம் தூரிகை பிடித்தேன். நடுவில் பாதத்துக்குக் கீழே மட்டும் பிடிமெழுகு, மெல்லிசாக. பிழையாக ஒன்றும் செய்யவில்லை. ஏழு வருடத்தில் முதல்தடவையாகச் சரியாகச் செய்தேன்.

காம்பில் காலையில் மரவீட்டின் பின்சரிவால் இறங்கிக் கீழ்க்கடையில் பால் வாங்கி வருவது நேசராஜாவின் பொறுப்பு. அடிவாரத்தில் பாதை இடப்பக்கம் திரும்பும், நேரே போனால் பாறை. முதல் நாள் காலை நான் குசினி யன்னலடியில் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அவருக்கு நிற்பாட்டத் தெரியாது, திரும்பவும் தெரியாது, தேவைப்பட்டதேயில்லை. மிக அழகாகச் சறுக்கினார். ஒருமுறை "அண்ணை" என்று கூப்பிட்டமாதிரி இருந்தது. கேத்தில் இரைந்ததில் வடிவாகக் கேட்கவில்லை.

பொலிஸில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். போன கிழமை மிரியம் அந்த அறிக்கையைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: உபகரணங்களில் குறையில்லை, ஸ்கீகள் தேர்ந்த கடையொன்றில் மெழுகப்பட்டவை.

கடையில் இல்லை, ஐயா. பிராண்டேயில், என் கராஜில், என் கையால் மெழுகியது. அவர் சாகவேண்டும் என்று தெரிந்து மெழுகியது. அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

மே மாதம் சண்டை முடிந்ததோடு மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வராமல் விட்டுவிட்டன. ஒவ்வொருவருக்கும் எங்கிருந்தோ உண்மை வந்து சேர்ந்தது. மிரியம் மட்டும் வருகிறாள். அவளுக்குச் சொல்ல இருந்தவர் நேசராஜா ஒருவர்தான். அத்தான் செத்துப்போனதைத் தம்பி கிருபனுக்குச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். பாவம், அவன் அழுதான். எனக்கும் கேட்டுக்கொண்டிருக்க ஏலாமல் போயிற்று.

என்னைக் கூட்டிக்கொண்டு போவதானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சனிக்கிழமை காலை கிருபன் எடுக்கிறதாகச் சொல்லியிருக்கிறான், நான் வீட்டில் இருக்கவேண்டும்.