ஜெபராணி தீர்ப்புச் சொன்ன ரெண்டு காரு

…அதான் சொல்றேன், காருன்னாலே எனக்கு ஆகாதுத்தா! இந்த பஸ்சப் பாரு, டடக்கு டடக்குன்னு ஆடிக்கிட்டுத்தான் போகுது, ஆனா உத்தமபாளையம் போயிச் சேந்துரும்ல? மனுசனுக்கு அது போதாதா? செத்த தள்ளி உக்காரு, பையக் காலுக்கிட்ட வச்சுக்கிறேன். ஆங், அப்படித்தான்.

எங்க வீட்டுல ரெண்டு பேரு இருக்காக. ஒருத்தன் என் கூடப்பெறந்த தம்பி கிங்ஸ்லி. இன்னொருத்தரு என் கொழுந்தனாரு வினோத்ராஜு. ரெண்டு பேருக்குமே போடியில ஏலக்கா யாவாரம். தம்பி மக ஜாய்ஸுக்கும் கொழுந்தனாரு மகன் விஜய்ராஜுக்கும் நாளைக்குச் சாயங்காலம் சர்ச்சுல நிச்சயம். சந்தோசமா இருக்க வேண்டியதுதான? எங்கிட்டு! ஒரே மாசத்துல ஆளுக்கொரு ஸ்போர்ட்ஸ் காரு வாங்கியாந்து நிப்பாட்டுனாக. ரெண்டே சீட்டு! ஏலக்கா மூட்டை ஒண்ணு ஏறாது. வேகத்தடை வந்தா எறங்கி, குனிஞ்சு, அடியில இடிக்குதான்னு பாத்துட்டு ஏறுறாக.

சண்டை எதுக்குங்குற? நிச்சயம் முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் யாரு கார்ல வீட்டுக்குப் போறதுன்னு. "எது நல்ல காரோ அதுல போகட்டும்"னு பேசி முடிச்சாக. சரி, எது நல்ல காருன்னு யாரு சொல்றது? பெறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பொதுவான ஆளுன்னு நான் அகப்பட்டேன். ரெண்டு கார்லயும் போடிமெட்டு வரைக்கும் ஏறி எறங்கித் தீர்ப்புச் சொல்லணுமாம். முட்டிவலிக்காரி ஜெபராணிக்கு வந்த பதவியப் பாரேன்!

மொதல்ல தம்பி காரு. செவப்பு. எஞ்சினு முன்னாடி, எட்டு சிலிண்டராம், டர்போ ரெண்டாம். மிதிச்சா ஒடனே போகாதுத்தா. ஒரு மூச்சு நின்னு யோசிக்கும், எங்க வீட்டுக்காரக மாதிரி. அப்புறம் பிடரியில யாரோ கை வச்ச கணக்கா ஒரு தள்ளு! அடிவயிறு அதிருது. நேர் ரோட்டுல இத எவனும் புடிக்க முடியாதுங்குறான். வளைவுலதான் வம்பு. மூக்கு கனமாம், லேசுல திரும்ப மாட்டேங்குது. திரும்புனா பின்பக்கம் வழுக்கிக்கிட்டு வெளிய போகுது. "பயப்படாதக்கா, அதுலதான் ருசியே இருக்கு"ங்குறான். ருசியாம்ல!

கொழுந்தனாரு காரு மஞ்ச. எஞ்சினு பின்னாடி. ஆறே சிலிண்டரு, டர்போ கெடையாது. கெளம்பையில பரம சாது. "எஞ்சினு சுத்து ஏற ஏறத்தான் மதினி பலம் வரும்"னு மிதிக்காரு. "ஏழாயிரம் மதினி… எட்டாயிரம் மதினி…"ன்னு ஏலத்துல கேக்குற மாதிரியே கத்துறாரு. எஞ்சினு காதுக்குப் பின்னாடி வீல்னு அழுகுது, பல்லுக் கூசுது. ஆனா வளைவு? பதினேழு கொண்டை ஊசியும் அட்டை கடிச்ச மாதிரி ரோட்டக் கவ்விக்கிட்டுத் திரும்புது. ஒரு குத்தம்தான், ரோட்டுல கெடக்குற ஒவ்வொரு கல்லும் என் இடுப்புல வந்து பேரு சொல்லிட்டுப் போகுது.

என்னத்தா சிரிக்கிற? ரெண்டுல எதுங்குறியா? அங்கனதான் வெனையே.

மறுநாளு தம்பி வீட்டுல ஜெபக்கூட்டம். என்னைய ஜெபம் பண்ணச் சொன்னாக. கண்ண மூடுனா எனக்கு வாயி நிக்காது. "ஆண்டவரே, எங்க தம்பிக்கு இருக்குறதுலயே நல்ல காரக் குடுத்தீரே, ஸ்தோத்திரம்!" அம்புட்டுப் பேரும் ஆமென். அடுத்த நாளு கொழுந்தனாரு வீட்டுல கூட்டம். அவரு மொகம் வாடிக் கெடந்துச்சு, எனக்கு மனசு எளகிருச்சு… "இதவிட நல்ல காரு இந்தப் பக்கத்துலயே இல்ல ஆண்டவரே!" அங்கனயும் ஆமென்.

சும்மா பேசுனதுன்னா மாத்திச் சொல்லிரலாம். ஜெபத்துல சொன்னத எப்படி மாத்துறது? இவன், "எங்க அக்கா ஆண்டவர்கிட்டயே சொல்லிருச்சு"ங்குறான். அவரு, "மதினி ஜெபத்துல பொய் சொல்லுவாகளா?"ங்குறாரு. நேத்து பேச்சு முத்திப் போயி ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. நான் முட்டிக்குத் தைலம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். உத்தமபாளையத்துல தங்கச்சி வீடு இருக்கு, ரெண்டு நாள் தலையக் காட்டாம இருந்துரலாம்னு…

இரு, போனு அடிக்குது. சொல்லு ஜாய்ஸு. … அழுவாதடி. … என்னது? நிச்சயமே வேணாம்னு பாஸ்டர்கிட்ட சொல்லப் போயிட்டானா ஒங்கப்பன்? … விஜய்ராஜு என்ன சொல்றான்? … அவனும் அழுகுறானா! … அத்தை வர்றேன். வையி, வர்றேன்.

பாத்தியாத்தா, என் வாயால ஒரு பிள்ளை கல்யாணம் நிக்குது. எனக்கு வெக்கமா இருக்கு. கண்டக்டரு தம்பி, சிலமலையில நிப்பாட்டுங்க, எதுத்த பஸ்சப் புடிச்சு நான் போடிக்கே திரும்புறேன்! அந்தப் பைய எடுத்துக் குடு ஆத்தா. ரெண்டு பேரையும் பாஸ்டருக்கு முன்னாடி நிறுத்தி உள்ளதச் சொல்லிர வேண்டியதுதான். என்ன உள்ளதா? ஒன்கிட்ட சொல்றதுக்கென்ன… மொத வளைவுல மூடுன கண்ணு, ரெண்டு கார்லயும் வீட்டு வாசல்ல வந்துதான் தொறந்தேன். நான் நெசமா ஜெபம் பண்ணுனதே அந்த ரெண்டு காருக்குள்ளதான் ஆத்தா.