கண்ணாயிரம் நின்ற பாறைகள்

பின்னால வடை வாசனை வந்துருச்சு. எனக்கும் வருது. தட்டு கைக்கு வர்றதுக்குள்ள சின்னதா ஒரு கதை சொல்லி முடிச்சிடறேன்... நம்ம குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல தண்ணி பேசியாச்சு, சாக்கடை பேசியாச்சு, தெருவிளக்கு பேசியாச்சு. நான் ஒரு மனுஷனைப் பத்திப் பேசறேன்.

ஊத்துக்கரடுன்னு ஒரு மலை. கேள்விப்பட்டிருக்கீங்களா? மாட்டீங்க. மேல கோயில் கிடையாது, அருவி கிடையாது, போட்டோ எடுத்துப் போட ஒண்ணுமே கிடையாது. வெறும் காடு. அதனால யாரும் போறதில்ல.

ஆனா ஒருத்தர் போவார். அருளப்பன். பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி தவறிட்டாங்க. பையன் கனடாவுல. தினம் காலையில அந்த மலை ஏறுவார். அடிவாரத்துல ஒரு செவலை நாய் காத்துக்கிட்டிருக்கும். அது யார் வீட்டு நாயும் இல்ல. இவருக்கு முன்னால ஓடும். பல மாசப் பழக்கம், ஆனா அதுக்கு அவர் ஒரு பேரு வைக்கல. ஏன் வைக்கல? பேரு வச்சா கூப்பிடத் தோணும். கூப்பிட்டு ஒருநாள் வரலன்னா...? கூப்பிட்டும் வராதவங்க ஏற்கெனவே போதும்னு நெனச்சுட்டார்.

அந்த நாய்கிட்ட ஒரு பழக்கம். வழியில சில பாறைகிட்ட வந்ததும் நின்னுடும். நின்னு, திரும்பிப் பாக்கும். உக்காருன்னு சொல்ற மாதிரி. அருளப்பன் வேகமா நடக்கிற ஆளு. அவருக்குக் கோபம் வரும். 'என்னடா, நீ என்னைவிடக் கிழவனா? நடடா.' தினமும் அதே பாறைங்க, தினமும் அதே திட்டு.

ஒருநாள் காலையில போறார்... நாய் இல்ல. சீட்டி அடிச்சார். வரல. 'சரிதான், நீயும் போயிட்டியா'ன்னு வாய்விட்டுச் சொன்னார். ஏறவே பிடிக்காம வீட்டைப் பாக்கத் திரும்பிட்டார். அப்பத்தான் மேல குரைக்கிற சத்தம். நாய் பாதி தூரம் இறங்கி வந்து நிக்குது. பிஸ்கட்டை நீட்டினார், மோந்துகூடப் பாக்கல. திரும்பி மேல ஓடுது. இவரும் பின்னாலேயே ஏறினார்.

எங்க கொண்டுபோய் நிறுத்துச்சு தெரியுமா? அது எப்பவும் நிக்குமே, அந்தப் பாறையில ஒண்ணு. அங்க ஒரு பெரியவர் சாஞ்சு உக்காந்திருக்கார். பேரு வேலுமயில். கணுக்கால் வீங்கிக் கிடக்கு. உதடு காஞ்சு போயிருக்கு.

அருளப்பன் பாட்டில் தண்ணியைக் குடுத்துட்டுக் கேக்கறார். 'எப்பங்க விழுந்தீங்க?'

'நேத்து சாயங்காலம், இறங்கும்போது. இவன்தான் ராத்திரி பூரா கூடவே படுத்திருந்தான்.'

'வீட்டுல தேடுவாங்களே.'

'தேடறதுக்கு ஆளு இல்லைங்க.'

'போன் இல்லையா?'

'பையிலதான் இருக்கு. சிக்னலும் இருக்கு.'

'அப்புறம் ஏங்க ஒருத்தருக்கும் அடிக்கல?'

அந்த மனுஷன் சிரிக்கப் பாத்தார், முடியல. 'பிசகுன காலுதானே, ஆம்புலன்ஸ் எதுக்குன்னு விட்டுட்டேன். மக பூனாவுல இருக்கா, ராத்திரியில சொன்னா பயந்துருவா. வேற யாருக்கு அடிக்கலாம்னு ஒவ்வொரு பேரா பாத்துக்கிட்டே வந்தேன். கேஸ் ஏஜென்சி இருந்துச்சு... கேபிள்காரர் இருந்தார்... பாத்துக்கிட்டே இருந்தேங்க. விடிஞ்சுருச்சு.'

கேட்டீங்களா? போன் இருந்துச்சு. சிக்னல் இருந்துச்சு. அடிக்க ஒரு பேரு இல்ல.

அருளப்பன் நாயைத் தடவிக் குடுத்தார். 'இது உங்க நாயா'ன்னு கேட்டார்.

'கண்ணாயிரமா? சாயங்காலம் எங்கூட ஏறுவான். எனக்கு முழங்கால் வலி. பாறைக்குப் பாறை உக்காருவேன், எனக்காக இவனும் நிப்பான். இப்பச் சில மாசமா என்னை வேகமா நடன்னு விரட்டறான். காலையில வேகமா நடக்கிற யாரோ ஒருத்தர் வர்றாப்லன்னு நெனச்சுக்குவேன்... நீங்கதானா அது?'

அருளப்பன் அந்தப் பாறையில உக்காந்துட்டார். இத்தனை நாள்ல மொத தடவை. உக்காந்து அழுதார். வேலுமயிலுக்காக மட்டும் அழல. தன்னோட போன்ல யார் பேரு இருக்குன்னு அவருக்கும் தெரியும்.

'உங்க வீடு எங்கங்க?'

'டேங்க் ரோட்டுல, ரெண்டாவது சந்து.'

அருளப்பன் வீடு மொத சந்து. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு காம்பவுண்டு சுவரு... நாய்க்குத் தெரிஞ்சது இவருக்குத் தெரியல.

தோள்ல தாங்கி மெதுவா இறக்கிக் கூட்டிட்டு வர்றார். ஒவ்வொரு பாறை வந்ததும் நாய் நிக்குது. மூணு பேரும் உக்காந்து உக்காந்து இறங்கறாங்க. ஒரு இடத்துல அது கொஞ்சம் முன்னால போயிருச்சு. அருளப்பன் கூப்பிட்டார். 'கண்ணாயிரம்... இருடா, வர்றோம்.' அது திரும்பி வந்துச்சு.

கதை அவ்வளவுதான். நாயோட அருமையைச் சொல்லத்தான் இதைச் சொன்னேன்னு நெனச்சுட்டு வடைக்கு எழுந்திரிக்காதீங்க. அன்னிக்குக் காலையில வேலுமயில் வீட்டு வாசல்ல பால் பாக்கெட் வெயில்ல கிடந்துச்சு. அந்த வழியா ஸ்கூலுக்குப் போனவங்க இருக்காங்க, ஆபீசுக்குப் போனவங்க இருக்காங்க. எல்லாரும் நம்மள மாதிரி நல்லவங்கதான்... பாத்துக்கிட்டேதான் போனாங்க.

உங்க போன்ல யார் பேரு இருக்குன்னு நான் கேக்கல. யார் போன்ல உங்க பேரு இருக்கு? ராத்திரியில விழுந்து கிடக்கிற ஒருத்தர் ஒவ்வொரு பேரா தள்ளிக்கிட்டே வரும்போது, உங்க பேருல அவர் விரல் நிக்குமா? பக்கத்து நாற்காலியில இருக்கறவரைத் திரும்பிப் பாருங்க. வீடு எந்தச் சந்துன்னு கேளுங்க. நாளைக்குக் காலையில அவர் வாசல்ல பால் பாக்கெட் கிடந்தா... கதவைத் தட்டுங்க.