பங்கில் வந்த ராமாயி

ஊட்டியிலிருந்து பிக்கட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த வயதான அம்மா தன் தங்கை மகளிடம் சொன்னார்: "அப்பா தோட்டத்தைப் பிரிச்சப்ப எனக்கு நாலு ஏக்கராவும் ராமாயியும் வந்துச்சு."

"ராமாயியக்காவையுமா பங்கு வெச்சாங்க, பெரியம்மா?"

"அவங்கப்பன் நம்ம பண்ணையத்துக்கு அடிமையா இருந்தவன். அவளும் அப்படியே இருந்துட்டா. கூலி குடுத்ததில்ல. போயிக்கன்னு நானும் ஒரு நாள் சொல்லல."

"இப்ப என்னங்க அதுக்கு?"

"தோட்டத்தைப் பையனுக்கு எழுதப் போறேன்னு நேத்து அவகிட்டச் சொன்னேன். 'அப்ப நான் யாருக்குங்கம்மா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"



"நீ யாருக்கும் இல்ல, உனக்குத்தான்னு சொல்லியிருக்கோணும். காப்பி கொண்டான்னு சொல்லிட்டேன்."