எதிர்த்துப் பேசியவரிடம் ஒலிவாங்கி ஏந்திச் சென்றவருக்கு

அன்பில் அன்னையாய், அதட்டலில் ஆசிரியையாய், அலமாரிகளுக்கிடையே அரசியாய் எங்களை ஆண்டு, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் நூலகர் அக்கா அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றாலே வாய் கூசாமல் புளுகுவார்கள் என்று தாங்கள் சிரிப்பீர்கள். ஆகவே குறைகளை முதலில் சொல்லிவிடுகிறோம். தாங்கள் போடும் தேநீர் வாய்க்கு விளங்காது. பக்க முனையை மடிப்பவரைக் கண்டால் தங்களுக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும். மற்றபடி, பொறுமையின் பொருளே, பொதுமையின் புகலிடமே, தங்களிடம் குறை காண எங்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை!

எவர் எழுதியதற்கும் அலமாரியில் இடமுண்டு, எக்கட்சியார் கேட்டாலும் பேசக் கூடமுண்டு என்பது தாங்கள் இங்கே வளர்த்த வழக்கம். ஊரார் விஷயத்தில் அதைக் காப்பாற்றுவது எளிது. தங்கள் வீட்டு விஷயமாகவே அது வந்து நின்ற நாளை நாங்கள் மறக்கவில்லை.

ஆலைத் தொழிலாளர் தலைவராய் வாழ்ந்து மறைந்த தங்கள் தந்தையார், வேலைநிறுத்தத்தின்போது முதலாளிகளோடு இரகசியமாகக் கைகோத்தார் என்று சொல்லும் புத்தகம் ஒன்று வந்தது. அதை அடுக்கக் கூடாது என்றார் தங்கள் அண்ணன். தாங்கள் மறுக்கவே, அவரே அதை இரவல் எடுத்துப்போய், தவணை முடிய முடியப் புதுப்பித்து, வேறெவர் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டார். பிறகு தையற்காரர் ஒருவர் அதே புத்தகத்தைக் கேட்டுப் பதிவு செய்தார். இன்னொருவர் காத்திருக்கையில் புதுப்பிக்க இயலாது என்பது விதி. தாங்களே அண்ணனை அழைத்து, "ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார்ண்ணா, திருப்பிக் குடுத்துடு" என்றீர்கள்.

"அப்பாவை விட உனக்கு இந்த வேலை பெரிசா?" என்று கேட்டு, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அவர் மகள் கல்யாணத்துக்குக்கூடத் தங்களுக்கு அழைப்பு வரவில்லை. அந்நாட்களில் தாங்கள் மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனதை நாங்கள் அறிவோம்.

பின்னர், தந்தைக்காகப் பேசக் கூடம் வேண்டுமென்று அண்ணன் ஆளனுப்பிக் கேட்டார்; அதையும் தந்தீர்கள். அவர் பேசி முடித்ததும், பழைய ஆலைத் தொழிலாளி ஒருவர் கடைசி வரிசையில் எழுந்து, புத்தகம் சொன்னது உண்மைதான் என்றார். குரல் எடுபடவில்லை. உட்காரச் சொல்லிக் கூட்டம் கூச்சலிட்டது. தாங்கள் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்தீர்கள். பெற்ற தகப்பனைப் பழித்தவரின் வாயருகே கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நாங்கள் பதறினோம். அவர் ஒலிவாங்கியைத் தங்கள் கையிலிருந்து வாங்கித் தாமே பிடித்துக்கொண்டார்.

"கை வலிக்கும். நீ உக்காரு" என்றார்.

அக்கா, அந்தப் புத்தகத்தைப் பற்றித் தாங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நூலகர் கருத்துச் சொன்னால் வாசகர் வாயை மூடிக்கொள்வார் என்பீர்கள். இன்று மாலையோடு அந்தக் கட்டுப்பாடு தீர்கிறது. வரும் ஞாயிறு கூடத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்துவிட்டோம். நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழ்ந்து, இத்தனை ஆண்டும் அடக்கி வைத்ததையெல்லாம் ஆசை தீரப் பேசுங்கள். மறுத்துப் பேசவும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு ஒலிவாங்கி பிடிக்கத் தங்கள் அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

என்றும் தங்கள் அன்பை மறவாத
நூலகப் பணியாளர்கள்